ஒரு செருமல் எட்டும் தூரம்

“நான் இங்க நின்னு ஒரே ஒரு செருமு செருமுனன்னு வையி, எங்க வூட்டுல எந்த மூலையில இருந்தாலும் வந்து நிக்கும். விருத்தாசலத்துல மட்டுமில்ல, ஒலகத்துல எந்த ஊர்ல வுட்டாலும் சரி.”

ஜங்ஷனுக்கு எதிரே உள்ள டீக்கடையில் மாயவன் இந்தப் பிரகடனத்தை வெளியிட்டபோது, அவர் கையில் இருந்த கிளாஸில் டீயைத் தவிர வேறெதுவும் இல்லை என்பதை வருங்காலச் சந்ததிக்காகப் பதிந்துவைப்பது நல்லது. ‘எங்க வூட்டுல’ என்று அவர் குறிப்பிட்டது மனைவி அன்புக்கரசியை.

கூட வேலை பார்க்கும் ஜெயராஜ் இதை லேசில் விழுங்கவில்லை.

“கோர்ட்டுல டவாலி கூட மூணு தடவ பேர் சொல்லிக் கூப்புடுறான். நீ பேரே சொல்லாம ஒத்தச் செருமல்ல ஆள வரவழைச்சிடுவியா?”

“பேரு எதுக்குய்யா? பேரச் சொல்லிக் கூவுறவன் எல்லாம் பொண்டாட்டி மேல நம்பிக்கை இல்லாதவன்.”

இந்த வேதாந்தத்துக்கு மறுப்பு சொல்ல டீக்கடையில் ஆளில்லை. அந்த நேரம் பார்த்து வடை வந்துவிட்டது.

மாயவனின் செருமல் சாதாரணச் செருமல் அல்ல. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவருக்குச் செராமிக் கம்பெனியில் வேலை. மின் கம்பத்தில் மாட்டும் பீங்கான் இன்சுலேட்டர்களை மெருகுத் தொட்டியில் முக்கி எடுத்துச் சூளைக்கு அனுப்புவது உத்தியோகம். காய்ந்த களிமண் தூசி வருஷக்கணக்கில் தொண்டையில் படிந்து படிந்து அங்கே ஒரு தனி வாத்தியத்தையே உருவாக்கியிருந்தது. முதலில் ஒரு சின்ன உறுமல். நடுவில் சற்றே யோசனை. கடைசியில் சூளைக் கதவைச் சாத்துவது போல ஒரு முத்தாய்ப்பு. பெரியாஸ்பத்திரி டாக்டர் அதைக் கேட்டு முகம் சுளித்து, மூக்கில் துணி கட்டாமல் இனி வேலைக்குப் போகக்கூடாது என்றார். கலை அறியாத மனிதர் என்று மாயவன் அவரை மன்னித்துவிட்டார்.

மனைவியை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ‘அன்பு’ என்று ஆரம்பிக்கிற ஒரு சொல்லை நாலு பேர் நடுவில் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமே என்ற கூச்சம் கல்யாணப் பந்தலிலேயே பிடித்துக்கொண்டது. கொஞ்ச காலம் ‘இந்தா’ என்று ஓட்டினார். அப்புறம் அதுவும் வளவளப்பாகத் தோன்ற, செருமலுக்கு மாறினார். சோறு வேண்டுமென்றால் ஒரு செருமல். துண்டு வேண்டுமென்றால் ஒரு செருமல். எது எதற்கு என்று அன்புக்கரசிக்குத் தெரியும். வீட்டில் ஒரே போன்தான். அது அவர் சட்டைப் பையில் இருக்கும். “ஒனக்கு எதுக்குத் தனியா போனு? செருமுனா வரப்போற” என்று அந்தப் பிரச்சினையும் சுமுகமாகத் தீர்ந்திருந்தது.

கல்யாணமான புதிதில் அவர் மனைவிக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: பம்பாய்க்குக் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டுவது. மாயவன் வாக்குத் தவறாதவர், தள்ளிப்போடுவார், அவ்வளவுதான். மாசி மகம் கழியட்டும் என்பார். மாசி மகம் கழிந்தால் சூளையில் வேலை மும்முரம். சூளை ஆறினால் மாமியாருக்கு உடம்பு சரியில்லை. மகள் சிவசங்கரி பிறந்தாள், படித்தாள், வேப்பூரில் வாழ்க்கைப்பட்டாள். அதற்குள் அரசாங்கமே பொறுமை இழந்து பம்பாயின் பேரை மும்பை என்று மாற்றிவிட்டது. கடைசியில் சிவசங்கரிதான் ஒருநாள் டிக்கெட்டைப் போட்டு, தாதர் பக்கம் ஒரு லாட்ஜில் அறையும் போட்டு, “போயிட்டு வாங்க, மாசி மகம் அதுபாட்டுக்கு நடக்கும்” என்று ரயிலேற்றிவிட்டாள்.

மும்பையில் முதல் நாள் மாயவன் நிறையப் பார்த்தார். லாட்ஜ் அறைக்குள் நுழைந்ததும் வாஷ்பேசினுக்கு அடியில் தலையை விட்டு, அது எந்த ஊர்ச் சரக்கு என்று பார்த்தார். தெருவில் இறங்கியதும் மின் கம்பங்களை அண்ணாந்து பார்த்தார். குழாய், பீங்கான் சாமான் விற்கிற பெரிய கடை ஒன்றில் மத்தியானம் வரை ஒவ்வொரு கோப்பையாகத் தட்டித் தட்டி ஓசை கேட்டார். அன்புக்கரசி பின்னாலேயே வந்தாள். நடுவில் ஒரு முறை, “கடலு எந்தப் பக்கங்க?” என்று கேட்டாள்.

“கடலு என்ன கடலு. நம்ம கடலூர்ல இல்லாத கடலா?” என்றார் மாயவன். கடலூருக்கும் அவளை அவர் கூட்டிப்போனதில்லை என்பது அந்த நேரத்தில் விவாதப் பொருளாகவில்லை.

மறுநாள் மத்தியானத்துக்கு மேல் பெரிய ஸ்டேஷன் கட்டடத்தைப் பார்க்கலாம் என்று லோக்கல் ரயிலுக்குப் போனார்கள். கூட்டம் தள்ளிய தள்ளலில் நல்ல மனசுக்காரி ஒருத்தி அன்புக்கரசியின் கையைப் பிடித்து லேடீஸ் பெட்டிக்குள் இழுத்துக்கொண்டாள். மாயவன் பக்கத்துப் பெட்டியில் தொற்றினார். கவலைப்பட ஒன்றுமில்லை, போக வேண்டியது கடைசி ஸ்டேஷன், எல்லாரும் இறங்கித்தான் ஆக வேண்டும்.

விதி நடுவில் ஒரு ஸ்டேஷனில், பிளாட்பார ஓரத்தில், குவியல் குவியலாகக் கிடந்தது. பீங்கான் இன்சுலேட்டர்கள். பழுப்பு நிறம், குடை குடையாக விளிம்பு. மாயவனின் நெஞ்சு அடித்துக்கொண்டது. தன் கையால் முக்கி எடுத்தவையாகக் கூட இருக்கலாம். ஒன்றைத் திருப்பி அடியில் உள்ள முத்திரையைப் பார்த்துவிட்டால் போதும்.

விருத்தாசலத்துக்காரர்களுக்கு ரயில் விஷயத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. ரயில் என்றால் நிற்கும். இறங்கித் தண்ணீர் பிடித்து, டீ குடித்து, தெரிந்தவனைப் பார்த்து அவன் வீட்டுப் பாகப்பிரிவினையைப் பற்றி நாலு வார்த்தை விசாரித்து முடிக்கிற வரைக்கும் நிற்கும். ஜங்ஷனில் பிறந்து வளர்ந்தவர்களின் ரத்தத்தில் ஊறிய நம்பிக்கை அது. மாயவன் இறங்கினார். ஒன்றைத் திருப்பினார். வேறு ஏதோ ஊர்ச் சரக்கு, மெருகும் சுமார்தான். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நிமிர்ந்தபோது, ரயிலின் கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தைக் கடந்துகொண்டிருந்தது.

அப்போதும் அவர் பதறவில்லை. அடுத்த ரயிலில் ஏறினார். ஏறியவரை உள்ளே பிழிந்து, எதிர்ப்பக்கக் கதவில் ஒட்டி, எங்கோ ஒரு ஸ்டேஷனில் கூட்டத்தோடு வெளியே துப்பினார்கள். அங்கிருந்து மறுபடி இன்னொரு ரயில். கடைசியில் பெரிய ஸ்டேஷனில் வந்து விழுந்தபோது சட்டையில் ஒரு பொத்தான் இல்லை.

பிளாட்பாரத்தில் அன்புக்கரசி இல்லை.

மாயவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கால்களை அகற்றி நின்றார். செருமினார்.

உறுமல், யோசனை, முத்தாய்ப்பு, எல்லாம் சரியாகவே வந்தன. பக்கத்தில் நின்ற ஒருவர் சட்டைப் பையிலிருந்து முகக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டார். மாயவன் இன்னும் பலமாகச் செருமினார். சுற்றிலும் ஆள் விலகி, இந்த ஜனக்கடலில் அவருக்கு மட்டும் ஒரு வட்டம் கிடைத்தது. ஒரு பெண்மணி இரக்கத்தோடு புதினா மிட்டாய் ஒன்றை நீட்டினாள். பெஞ்சில் இருந்த பையன்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். மும்பை நகரம் அந்தச் செருமலுக்குத் தன்னால் முடிந்த மரியாதை எல்லாம் செய்தது; அன்புக்கரசியை மட்டும் கொண்டுவந்து நிறுத்தவில்லை.

பிளாட்பாரம் பிளாட்பாரமாக ஓடினார். ஒவ்வொரு தூண் பக்கத்திலும் நின்று செருமினார். தொண்டை எரிந்தது. ரயில் வர வர ஆட்கள் இறங்கினார்கள். அத்தனை முகங்களில் ஒன்று கூட அந்த முகம் இல்லை. போனை எடுத்து எடுத்துப் பார்த்தார். அது அடிக்கவில்லை. அவளிடம் போன் இல்லையே என்பது அப்புறம்தான் உறைத்தது. அவளுக்கு இந்தி தெரியாது. லாட்ஜ் பேர் தெரியுமா? அவருக்கே தெரியாது, சாவியில் எழுதியிருந்தது, சாவி அவளிடம். தனியாக ஊர் திரும்பி ஜங்ஷனில் இறங்குவது போல ஒரு காட்சி கண்ணுக்குள் வந்தது. வீட்டுக்குப் போகிறார். பூட்டைத் திறக்கிறார். உள்ளே எந்தச் சுவிட்சைப் போட்டால் எந்த விளக்கு எரியும் என்று தெரியாமல் இருட்டில் நிற்கிறார். அதற்கு மேல் அவரால் நினைக்க முடியவில்லை. தூணில் சாய்ந்து, “அய்யோ, நான் என்னா பண்ணுவேன்” என்றார்.

“எந்த ஊருண்ணே?” என்றது ஒரு குரல்.

பிளாட்பாரம் பெருக்கிக்கொண்டிருந்த பெண். கள்ளக்குறிச்சிப் பக்கத்தவளாம், பேர் பெரியம்மாள். மாயவனுக்கு அந்தத் தமிழைக் கேட்டதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விஷயத்தைச் சொன்னார். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு அவரைப் போலீஸ் உதவி மேஜைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே இருந்தவர் இந்தியில் கேட்டார். பெரியம்மாள் தமிழில் கேட்டாள்.

“என்னா கலரு சேலண்ணே?”

மாயவன் யோசித்தார். “சேலதான் கட்டியிருந்தா.”

“அது சரி, துணியில்லாமயா வருவாங்க. கலரு?”

“பச்ச… பச்சையா இருக்கும். இல்லன்னா செவப்பு.”

“ஒசரம்?”

“எனக்குப் பின்னால வரும்.”

“மூக்குத்தி ரெண்டு பக்கமா, ஒரு பக்கமா?”

மாயவன் தன் மூக்கையே தொட்டுப் பார்த்துக்கொண்டார். பெரியம்மாள் மேஜைக்காரரிடம் ஏதோ சொன்னாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு மாயவனை ஒரு முறை நன்றாகப் பார்த்தார்.

“சரி, பேராச்சும் சொல்லுங்க. மைக்குல கூப்புடுவாங்க.”

“அன்…” என்றார் மாயவன்.

“காதுல வுழல.”

“அன்புக்கரசி.”

“சத்தமா சொல்லுங்கண்ணே. ஒங்க பொண்டாட்டி பேருதான, திருடிக்கிட்டு வந்ததா?”

மாயவன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார். காது சிவந்துவிட்டது. சற்று நேரத்தில் அந்தப் பேர், ‘அம்புகரேசி’ என்று பாதி உடைந்து, ஸ்டேஷனின் கூரையெங்கும் மோதிக்கொண்டு போனது. கட்டின நாளிலிருந்து அவர் வாயால் வராத பேரை ஊர் தெரியாத ஒலிபெருக்கி கூப்பிட்டுக்கொண்டிருந்தது. யாரும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டது. வரவில்லை. வெளியே வெயில் மஞ்சளாகிவிட்டிருந்தது.

“புள்ளைங்க இருந்தா சொல்லிடுங்கண்ணே” என்றாள் பெரியம்மாள். குரல் இப்போது தணிந்திருந்தது. மாயவனுக்கு அது ஒலிபெருக்கியை விடப் பயமாக இருந்தது.

சிவசங்கரியைப் போனில் கூப்பிட்டார். “ஒங்கம்மாவத் தொலைச்சிட்டேன்டி.”

“எங்க?”

“ஸ்டேசன்ல. பாப்பா, நான் செருமிச் செருமிப் பாத்துட்டேன்.”

சிவசங்கரி, தாயைத் தொலைத்த மகளுக்குக் கொஞ்சமும் பொருந்தாத நிதானத்தோடு, “அம்மா எங்க போவணும்னு சொன்னாங்க?” என்று கேட்டாள்.

“அவ எங்க போவணும்னு சொன்னா? நான் போற எடத்துக்கு வருவா.”

“மும்பையில என்னா பாக்கணும்னு அவங்க கேட்டாங்கப்பா? யோசிச்சுச் சொல்லுங்க.”

“கோயிலு…”

“இல்ல.”

“சேலக் கடை.”

“சேலக் கடைன்னு சொன்னது என் மாமியாரு. அம்மாவச் சொல்லுங்க.”

மாயவன் கண்ணை மூடிக்கொண்டார். ஊரிலிருந்து வந்த ரயிலில் அவள் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் ஜன்னல் வழியே இன்சுலேட்டர்களை எண்ணிக்கொண்டு வந்தார். லாட்ஜில் ஏதோ கேட்டாள். அவர் பேசினுக்கு அடியில் இருந்தார். கடையில் கேட்டாள். அதற்கு அவர் பதில் சொன்னார். என்ன பதில் அது?

“கடலு” என்றார். “கடலு எந்தப் பக்கம்னு கேட்டா.”

“வெளக்குப் போடுற நேரத்துல அந்தக் கடக்கரை வளைவுல உக்காரணும்னு எனக்கு வெவரம் தெரிஞ்ச நாளா சொல்லிக்கிட்டு இருக்காங்க” என்றாள் சிவசங்கரி. “போங்க.”

பெரியம்மாள் வழி சொன்னாள். ‘மெரைன் டிரைவ்’ என்ற சொல்லை நாலு முறை சொல்ல வைத்துப் பரீட்சை வைத்தாள். மாயவன் அந்தச் சொல்லை வாய்க்குள் அதக்கிக்கொண்டு நடந்தார், ஓடினார். போலீஸ்காரரிடம் சொன்னார், பழக்கடையில் சொன்னார், நாயைக் கூட்டிக்கொண்டு போன சீமாட்டியிடம் சொன்னார். எல்லாரும் ஒரே பக்கம் கை காட்டினார்கள். கடல் இருக்கிறது, அவள் இருப்பாளா? இவ்வளவு பெரிய சாலைகளை அவள் எப்படித் தாண்டியிருப்பாள்? விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டிலேயே அவர் துண்டின் நுனியைப் பார்த்துக்கொண்டுதானே தாண்டுவாள். ஊர்க் கோயில் பழமலைநாதருக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டார். தலையில் அதற்குப் போதிய சரக்கு இல்லை என்பது ஞாபகம் வந்து, மீசையையும் சேர்த்துக்கொண்டார்.

கடல் வந்தது. கடலைப் பார்த்தபடி நீளமாக, வளைந்து வளைந்து, ஒரு தடுப்புச் சுவர். அதன் மேல் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஜனங்கள் கடலுக்கு முகம் காட்டி, சாலைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

முதுகுகள். மாயவன் திகைத்து நின்றார். இதில் எது தன் மனைவியின் முதுகு? எங்கே போனாலும் அவர்தான் முன்னால் நடப்பார். கல்யாணமான நாள் முதல் முதுகைப் பார்த்து வந்தவள் அவள். அவர் அவள் முதுகைப் பார்த்ததே இல்லை.

வேறு வழியில்லாமல் ஒவ்வொரு முதுகுக்குப் பின்னாலும் போய்ச் செருமத் தொடங்கினார்.

அதில் ஒரு சங்கடம் இருந்தது. உட்கார்ந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஜோடிகள். அதிலும் வீட்டுக்குத் தெரியாமல் வந்தவர்கள். வயசான ஆளின் செருமல் ஒன்று முதுகுக்குப் பின்னால் கேட்டதும் தோளில் கிடந்த கைகள் துள்ளி விழுந்தன. தலைகள் விலகின. ஒரு பையன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே எழுந்து நடந்தான். மாயவன் செருமிக்கொண்டே போக, அந்தக் கடற்கரையில் அவர் போன வழியெங்கும் ஒழுக்கம் தலைதூக்கியது. அவர் எதையும் கவனிக்கவில்லை. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது, தொண்டையில் ரத்தம் போல ஒரு ருசி. வளைவு முடிகிற இடம் தெரிய ஆரம்பித்துவிட்டது.

செருமினார். எல்லா முதுகும் திரும்பின. ஒரே ஒரு முதுகு அசையவில்லை.

கத்தரிப்பூக் கலர்ச் சேலை. பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. நடு முதுகில் ரவிக்கைத் தையல் ஒன்று லேசாக விட்டிருந்தது. பக்கத்தில் லாட்ஜ் சாவி.

மாயவன் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“வந்துட்டீங்களா” என்றாள் அன்புக்கரசி, திரும்பாமலே. “ஏறி உக்காருங்க.”

ஏறினார். அது சுலபமாக இல்லை.

“நான் செருமுனது கேக்கலையா?”

“கேட்டுது. அந்தக் கோடியிலேருந்தே கேட்டுது.”

“கேட்டுட்டு ஏன் வரல?”

“நீங்கதான் வந்துகிட்டு இருந்தீங்களே.”

மாயவன் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். “ஒரு போன் அடிச்சிருக்கலாம்ல? நம்பராச்சும் தெரியுமா ஒனக்கு?”

“தெரியாம? பெட்டியில கையப் புடிச்சு இழுத்த அம்மாவுக்குத் தமிழ் தெரிஞ்சுது; இந்தப் பக்கமாத்தான் போறன்னாங்க. கூடவே வந்துட்டேன். அவங்க போன்லேருந்து சங்கரிக்கு அப்பவே சொல்லியாச்சு.”

“எனக்கு அடிக்கறதுக்கு என்னா?”

“ஒங்களுக்கு அடிச்சா, அங்கயே நில்லு, வரேம்பீங்க. நிக்கணும். நீங்க எங்கனா கம்பத்தப் பாத்துட்டு வரதுக்குள்ள இருட்டிப்புடும்.” அவள் குரலில் கோபம் எதுவும் இல்லை. சோறு வெந்துவிட்டது என்று சொல்கிற குரல்.

“நான் செத்தே பூட்டேன்.”

“தெரியுது. சட்டையெல்லாம் நனைஞ்சு கெடக்குது.” முந்தானையால் அவர் கழுத்தைத் துடைத்தாள்.

“ஊர்ல செருமுனா ஓடியாந்து நிப்பியே.”

“ஊர்ல நான் எங்க போனன், ஓடியார? ரெண்டு தப்படி பின்னாலயேதான வந்துகிட்டு இருந்தேன். நீங்க திரும்பிப் பாத்தாத்தான தெரியும்.”

அப்போது விளக்குகள் எரிந்தன. ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும், கடலைச் சுற்றி வளைத்துக்கொண்டு, ஒன்றன் பின் ஒன்றாக. அன்புக்கரசி முழங்காலைக் கட்டிக்கொண்டாள். மாயவன் கம்பங்களை அண்ணாந்து பார்க்கவில்லை. பக்கவாட்டில் பார்த்தார். மூக்குத்தி ஒரு பக்கம்தான், இடது பக்கம்.

“டீ விக்கிறான் பாருங்க” என்றாள் அவள், கடலை விட்டுக் கண்ணை எடுக்காமல். “ஒண்ணு வாங்கியாங்க. எனக்குச் சக்கரை தூக்கலா.”

சர்க்கரை தூக்கல் என்பது அவருக்குப் புதுச் செய்தி. இறங்கிப் போனார். கை ஜாடையிலேயே சர்க்கரையைத் தூக்கச் சொல்லி, இரண்டு கப் வாங்கி, கூட்டத்தில் சிந்தாமல் கொண்டுவந்தார். இந்தத் தடவை அந்த முதுகைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. அவள் எதையோ நினைத்துக்கொண்டு விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உப்புக் காற்று தொண்டைக்குள் போய்க் கீறியது. சின்னதாக ஒரு உறுமல் அடியிலிருந்து கிளம்பி வந்தது. மாயவன் உதட்டை இறுக்கி அதை விழுங்கினார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. மறுபடி வந்தது; மறுபடி விழுங்கினார்.

இரண்டு கையிலும் டீயை வைத்துக்கொண்டு, அவளாகத் திரும்பிப் பார்க்கட்டும் என்று, இரண்டு தப்படி பின்னால் நின்றார்.